சுவார்ட்சு ஐயரும் தஞ்சை மக்களின் நம்பிக்கையும்

தமிழுக்குத் தொண்டாற்றிய மேலைநாட்டுக் கிறித்தவரை எண்ணும்போது வீரமாமுனிவர், சீகன்பால்கு, பப்ரிசியசு, கால்டுவெல், போப்பு ஆகியோர் முதற்கண் நினைவிற்கு வருவர். காப்பியம், அகராதி, ஒப்பிலக்கணம், மொழிபெயர்ப்பு என ஒவ்வொருவரும் நூல்வடிவில் ஒரு செல்வத்தை நமக்கு விட்டுச் சென்றனர். அவ்வரிசையில் கிறித்தியன் பிரெடெரிக்கு சுவார்ட்சு என்பாரின் பெயர் பெரிதும் இடம்பெறுவதில்லை. சிறு நூல்கள் சில தவிரப் பேரிலக்கியம் என ஒன்றும் அவர் படைத்திலர். எனினும், 1750 முதல் 1798 வரை நாற்பத்தெட்டு ஆண்டுகள் தமிழகத்தில் வாழ்ந்து, தரங்கம்பாடியிலும் திருச்சிராப்பள்ளியிலும் தஞ்சையிலும் பணியாற்றிய அவரை மன்னரும் மக்களும் 'ஐயர்' என மதித்துப் போற்றினர். நூலால் புகழ் பெறாத ஒருவர் இத்துணை மதிப்பைப் பெற்றது எதனால்? அம்மதிப்பு எதற்குப் பயன்பட்டது? அதன் எல்லை யாது? இவ்வினாக்களுக்கு விடை காணுதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

காலச் சூழல்

பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதி தஞ்சை நாட்டிற்குத் துன்பம் மிகுந்த காலமாகும். மராட்டிய மன்னர் துளசாசி 1763-இல் அரியணை ஏறினார். ஆர்க்காட்டு நவாபு முகம்மதலி தஞ்சையிடம் திறை வேண்டிய வண்ணம் இருந்தார். நவாபுக்கு ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனியாரின் படைத்துணை இருந்தது. 1773-இல் அத்துணையுடன் தஞ்சை கைப்பற்றப்பட்டது, மன்னர் சிறைப்பட்டார். 1776-இல் பிகட்டுப் பிரபு அவரை மீண்டும் அரியணையில் அமர்த்தினார். நாடு மீண்டதேயன்றி அதன் வளம் மீளவில்லை. 1780-இல் ஐதரலி கருநாடகப் பகுதியின்மீது படையெடுத்தபோது காவிரிக் கழனிகள் மீண்டும் பாழாயின.

இச்சூழலில் குடிமக்கள் எவரையும் நம்பாத நிலை ஏற்பட்டது. நவாபின் ஆட்கள் பறித்தனர். மன்னரின் அலுவலர் வாங்கிய நெல்லுக்கு விலை தாரார். கம்பெனியார் கொடுத்த சொல் காப்பதில்லை. ஆட்சிகள் மூன்று இருந்தும் மக்கள் நம்பத்தக்க சொல் ஒன்றுமில்லை. சுவார்ட்சின் வாழ்க்கையை இப்பின்னணியில் வைத்தே நோக்குதல் வேண்டும்.

மொழியும் வாழ்க்கையும்

சுவார்ட்சு 1726-இல் பிராண்டன்பர்க்கு நாட்டைச் சேர்ந்த சொன்னன்பர்க்கு என்னும் சிற்றூரில் பிறந்தார். ஆலே நகரிற் பயின்றபோது, சென்னையிலிருந்து திரும்பியிருந்த சூல்ட்சு என்பவரின் தமிழ் மறைநூற் பதிப்பிற்குத் துணை செய்யும் பொருட்டுத் தமிழ் கற்கத் தொடங்கினார். தமிழ்நாட்டைக் காணும் முன்னரே தமிழ் எழுத்தைக் கண்டவர் அவர். 1749-இல் கோபன்கேகன் நகரிற் குருப்பட்டம் பெற்று, 1750-இல் தரங்கம்பாடி வந்து சேர்ந்தார். சீகன்பால்கு 1718-இல் எழுப்பிய புதிய எருசலேம் திருக்கோயிலில், வந்த சில திங்களுக்குள்ளேயே தமிழிற் பேருரை நிகழ்த்தினார். காலப்போக்கில் பாரசீகம், இந்துத்தானி, மராத்தி, போர்ச்சுக்கீசியம் ஆகிய மொழிகளிலும் பேசும் திறன் பெற்றார். அரசவையில் மராத்தியும், ஐதரலியின் அவையில் பாரசீகமும் இந்துத்தானியும், வயல் வரப்பிலே தமிழும் வழங்கிய காலம் அது. துபாசியின் நாவை நம்பி நின்ற ஐரோப்பியர் நடுவே, தம் சொல்லைத் தாமே சொல்ல வல்லவராய் அவர் விளங்கினார். சொன்னது இன்னது என்பதில் கேட்டார்க்கு ஐயம் எழ இடமில்லை.

திருச்சிராப்பள்ளியில் அவர் வாழ்ந்த வாழ்க்கையை வில்லியம் சேம்பர்சு என்னும் ஆங்கிலேயர் எழுதி வைத்துள்ளார். அதன்படி, அவருடைய ஆண்டு வருவாய் ஏறத்தாழ 48 பவுன். பழைய கட்டடம் ஒன்றில் தாமும் தம் படுக்கையும் அடங்கும் அளவினதாகிய ஓர் அறையே அவர்தம் இல்லம். சோறும் காய்கறியுமே உணவு. கருஞ்சாயம் தோய்த்த பருத்தித் துணியே ஆண்டிற்கொரு முறை அவர் புதுக்கும் உடை. அவர் மணம் புரிந்திலர். படைவீரர்களுக்குக் குருவாகப் பணியாற்றியமைக்குச் சென்னை அரசினர் ஊதியம் அளித்தபோது, அதனைத் திருக்கோயிற் பணிக்கும் பள்ளிப் பணிக்கும் செலவிட்டார். 1766-இல் திருச்சிராப்பள்ளிக் கோட்டையில் எழுந்த கிறித்துநாதர் கோயில் அவருடைய முயற்சியின் விளைவாகும்.

எளிய வாழ்க்கை துறவியர்க்கு இயல்பு, தமிழகத்திற்கும் புதியதன்று. ஆயினும் அந்நாளைய கம்பெனி அலுவலர் பலர், வெறுங்கையராய் வந்து சில ஆண்டுகளிற் பெருஞ்செல்வராய்த் தாயகம் மீண்டனர் என்பதை நினைத்தல் வேண்டும். அன்னார் நடுவே, அதே நிறத்தினராய், அதே கோட்டையில் வாழ்ந்த ஒருவர் பொருளை விரும்பாது நின்றார் என்பதே மக்களின் கருத்தைக் கவர்ந்தது. அவர் கூறிய சமயக் கொள்கையை ஏற்றோர் சிலர், ஏலாதோர் பலர். அவர் பொய்யுரையார், பொருள் கவரார் என்பதனை ஏற்காதோர் எவருமிலர்.

வெற்றுத்தாள்

இம்மதிப்பின் ஆற்றல் போர்க்காலத்தில் வெளிப்பட்டது. 1778 முதல் தஞ்சையையே தம் இருப்பிடமாக்கிக்கொண்ட சுவார்ட்சு, போர் மூண்டபோதும் அங்கேயே இருந்தார். கோட்டையிற் படைவீரரும் தஞ்சம் புகுந்த மக்களும் நிறைந்திருந்தனர். உணவு இல்லை, வீரர் பசியால் வாடிச் சாய்ந்தனர். நாட்டுப்புறத்தில் நெல் இருந்தது. அதனைச் சுமந்து வர எருதுகள் இல்லை. உழவரோ எருதுகளைத் தர மறுத்தனர். முன்னர்க் கொடுத்தவற்றிற்குக் கூலி கிடைக்கவில்லை என்பதே காரணம்.

அப்போது மன்னர் துளசாசி ஆங்கில அலுவலர் ஒருவரிடம், நீரும் யானும் மக்களிடம் நம்பிக்கை இழந்தோம், சுவார்ட்சையேனும் அவர்கள் நம்புகின்றனரா எனப் பார்ப்போம் என்னும் கருத்துப்படக் கூறினார். பின்னர் எதுவும் எழுதப்படாத வெற்றுத்தாள் ஒன்றனைச் சுவார்ட்சுக்கு அனுப்பி, மக்களோடு அவர் விரும்பியவாறு உடன்படிக்கை செய்துகொள்ள உரிமை அளித்தார். கூலியைத் தாமே கொடுப்பதாகச் சுவார்ட்சு உறுதி கூறினார். ஓரிரு நாளில் ஆயிரத்திற்கு மேற்பட்ட எருதுகள் வந்தன. உபதேசியார் ஒருவரும் பிற கிறித்தவரும் உயிருக்கு அஞ்சாது நாட்டுப்புறம் சென்று, குறுகிய காலத்தில் 80,000 கலம் நெல்லைக் கோட்டைக்குள் கொணர்ந்தனர். சுவார்ட்சு அனைவர்க்கும் கூலி கொடுத்து, சிறு பரிசும் தந்து அனுப்பினார். அடுத்து, கர்னல் பிரெய்த்வெயிட்டு 1782-இல் தம் படையுடன் சிறைப்பட்ட காலத்தில் மீண்டும் அதே நெருக்கடி வந்தது. மீண்டும் அதே வழி கைகொடுத்தது. முதன்முறை கூலி பெற்றவர்கள் இரண்டாம் முறை தயங்காமல் வந்தனர்.

இந்நிகழ்ச்சியில் ஆய்வாளர் உற்றுநோக்கத் தக்கவை மூன்று உள. முதலாவது, அரசு தன் நாணயமின்மையைத் தானே ஒப்புக்கொண்டமை. வெற்றுத்தாள் மன்னர் சுவார்ட்சின்பால் வைத்த நம்பிக்கைக்குச் சான்றாகும். மன்னரின் சொல் மக்களிடம் செல்லாது என்பதற்கும் அதுவே சான்று. இரண்டாவது, மக்கள் நம்பியது சமயத்தையன்று. ஒரு மனிதரின் பல்லாண்டுப் பழக்கத்தையே. எருது கொடுத்தோர் பெரும்பாலும் கிறித்தவரல்லாத குடியானவர்களே. மூன்றாவது, அத்தொண்டு ஒருவர் தனித்துச் செய்ததன்று. பகைவர் திரிந்த வழிகளில் உயிரைப் பணயம் வைத்து நடந்தவர்கள் தமிழ் உபதேசியாரும் தமிழ்க் கிறித்தவருமே. அந்த உபதேசியாரின் பெயரைச் சுவார்ட்சின் கடிதமும் கூறவில்லை. வாழ்ந்து காட்டிய முன்மாதிரி பிறர் நெஞ்சிலும் வேரூன்றியிருந்தது என்பதற்கு அப்பெயரற்றோரின் துணிவே சான்றாகும்.

இவ்விவரங்கள் கிடைக்கும் இடமும் கருதத்தக்கது. 1793-இல் ஆங்கிலப் பாராளுமன்றத்தில் ஒருவர், தென்னாட்டுக் கிறித்தவர் ஒழுக்கத்திற் கடைப்பட்டோர் எனப் பழித்துப் பேசினார். அதற்கு மறுமொழியாகச் சுவார்ட்சு 1794-இல் இலண்டனிலிருந்த கிறித்தவ அறிவு விளக்கச் சங்கத்தார்க்கு நீண்டதொரு கடிதம் எழுதினார். அதிற் கொள்கை விளக்கத்தை விரிக்காமல், நடந்தவற்றையே அடுக்கிக் கூறினார். சமயத்திற்குச் சான்று வேண்டுமாயின் அதனைச் செயலிற் காட்டல் வேண்டும் என்பது அவர்தம் முறை. வேற்றுமொழியில் எழுதிய அக்கடிதத்திலும் நெல்லின் அளவைக் கூறுமிடத்துக் 'கலம்' என்னும் தமிழ் அளவைச் சொல்லையே அவர் ஆண்டுள்ளமை குறிப்பிடத்தக்கது.

அக்கடிதம் கூறும் மற்றொரு நிகழ்ச்சியும் ஈண்டுக் கருதற்பாலது. போருக்குப் பின்னர், அலுவலரின் கொடுமை தாங்காது உழவர் பலர் தஞ்சை நாட்டை விட்டகன்றனர். சூன் திங்களிலே தொடங்கியிருக்க வேண்டிய உழவு செப்டம்பர் வந்தும் தொடங்கவில்லை. நீதி வழங்கப்படும் என அரசு கூறியதை எவரும் நம்பவில்லை. சுவார்ட்சு உறுதி கூறியழைத்தபின் ஒரே நாளில் 7,000 பேர் திரும்பினர்; ஏனையோரும் பின்தொடர்ந்தனர். இரவு பகல் பாராது உழைப்போம் என்று அவர்கள் கூறினர்; அவ்வாண்டின் விளைவு முன்னாண்டினும் மிக்கிருந்தது.

இரவல் வாங்கிய நம்பிக்கை

ஒருவர் தம் வாழ்க்கையால் ஈட்டிய நம்பிக்கையைப் பிறர் இரவல் வாங்கிச் செலவிடவும் கூடும். 1779-இல் நிகழ்ந்த சீரங்கப்பட்டணத் தூது அத்தகையது. ஐதரலிக்கும் கம்பெனியார்க்கும் பகை முற்றிய நேரத்தில், சென்னை ஆளுநர் சர் தாமசு ரம்போல்டு, கம்பெனியாரின் அமைதி நோக்கத்தை ஐதரலிக்குத் தெரிவிக்கச் சுவார்ட்சை அனுப்பினார். பிறரை நம்பேன், அக்கிறித்தவர் வரட்டும், அவர் என்னை ஏமாற்றார் என்று ஐதரலியே கூறியதாக ஒரு வழக்கு உண்டு. சமாதானத்தின் பொருட்டு என்பதனாலும், தம் குருப்பணிக்கு அது மாறாகாது என்பதனாலும் சுவார்ட்சு இசைந்தார். எவ்வகைப் பரிசாலும் தம் கை மாசுறலாகாது எனவும் உறுதி பூண்டார்.

ஐதரலி அவரை மதிப்புடன் வரவேற்றார். அவர் சொல்லைக் கேட்டார். கம்பெனியார்மீது தமக்கிருந்த குறையையும் மறையாது கூறினார். 1769-ஆம் ஆண்டு உடன்படிக்கையிற் கூறிய துணையை அவர்கள் அளிக்கவில்லை என்பது அக்குறையின் சாரம். புறப்படும்போது வழிச்செலவிற்கென 300 உரூபாய் கொண்ட பை ஒன்று சுவார்ட்சிடம் அளிக்கப்பட்டது. மறுக்க இயலாத நிலையில் வாங்கிய அதனைச் சென்னை அரசினரிடம் ஒப்படைக்க முயன்றார். அவர்கள் அவரையே வைத்துக்கொள்ளுமாறு கூறினர். அத்தொகையைத் தஞ்சையில் ஏழைச் சிறார்க்கான பள்ளிக்கு முதலாக வைத்தார்.

தூதர் தூயவர், தூது அனுப்பினோர் நிலை வேறு. அவ்வாண்டு மார்ச்சுத் திங்களிலேயே கம்பெனிப் படைகள், ஐதரலி தம் பாதுகாப்பிலிருந்ததாகக் கருதிய மாகியைக் கைப்பற்றியிருந்தன. அடுத்த ஆண்டிற் போர் மூண்டது. சுவார்ட்சு கொண்டுசென்ற அமைதிமொழியைக் காப்பாற்றும் எண்ணமோ ஆற்றலோ அனுப்பியோரிடம் இல்லை. நம்பிக்கை மனிதர்க்கு உரியது. ஓலையைப் போல அதனைக் கைமாற்ற இயலாது. இதனை ஐதரலி நன்குணர்ந்திருந்தார் எனல் வேண்டும். கம்பெனியாரோடு கடும்போர் புரிந்த நிலையிலும், அப்பாதிரியாரைத் தடுக்காது செல்லவிடுமாறு தம் படைத்தலைவர்க்கு அவர் ஆணையிட்டிருந்தார். அனுப்பியோரையும் வந்தவரையும் அவர் ஒன்றாக எண்ணவில்லை. அவர் மைந்தர் திப்புவோ, 1783-இல் இரண்டாம் முறை தூது புறப்பட்ட சுவார்ட்சைச் சத்தியமங்கலத்திலேயே தடுத்துத் திருப்பிவிட்டார். இரவல் ஒருமுறையே செல்லும் போலும்.

அரசிளஞ்சிறுவர்

1787-இல் துளசாசி இறக்கும் தறுவாயில், தாம் தத்து எடுத்த சரபோசியைச் சுவார்ட்சிடம் ஒப்படைக்க விரும்பினார். அப்போது சரபோசிக்கு வயது ஏறத்தாழப் பத்து. நாட்டையும் சிறுவரையும் ஆளும் பொறுப்பு ஒரு குருவுக்குத் தகாது எனக் கருதிய சுவார்ட்சு, மன்னரின் தம்பி அமரசிங்கிடம் அப்பொறுப்பை ஒப்படைக்குமாறு கூறினார். அவ்வறிவுரை சிறுவர்க்கு நலம் தரவில்லை. தத்து செல்லாதெனக் கற்றோர் கூறிய கருத்தைக் கொண்டு கம்பெனியார் அமரசிங்கையே மன்னராக ஏற்றனர். சரபோசி கல்வியும் உரிமையும் இன்றி அடைபட்டிருந்தார். சுவார்ட்சு சென்னை அரசினரிடம் மீண்டும் மீண்டும் முறையிட்டார். 1793-இல் சரபோசி சென்னைக்கு அழைத்துச் செல்லப்பட்டு, கெரிக்கு ஐயரின் கண்காணிப்பிற் கல்வி பயின்றார். தத்துரிமை மறு ஆய்வு செய்யப்பட்டபோது சுவார்ட்சின் எழுத்துகளும் துணைநின்றன. 1798-இல் சரபோசி அரியணை ஏறினார். அவ்வாண்டு பிப்ரவரி 13-ஆம் நாள் மறைந்த சுவார்ட்சு அக்காட்சியைக் கண்டாரல்லர்.

சரபோசி கிறித்தவராகவில்லை, தம் முன்னோர் சமயத்திலேயே நிலைத்து வாழ்ந்தார். சரசுவதி மகால் நூல்நிலையத்தை உலகறியச் செய்த அம்மன்னர், தம் ஆசானின் நினைவிற்காகப் பிளாக்சுமன் என்னும் ஆங்கிலச் சிற்பியைக் கொண்டு பளிங்குச் சிற்பம் ஒன்றைச் செய்வித்துத் தஞ்சைச் சிறுகோட்டைத் திருக்கோயிலில் நிறுவினார். இறுதிப் படுக்கையில் இருக்கும் சுவார்ட்சின் கையை மன்னர் பற்றி நிற்கும் காட்சியை அதிற் காணலாம். கல்லறையிற் பொறித்துள்ள ஆங்கிலச் செய்யுளும் மன்னரே யாத்தது என்பர். கம்பெனியாரும் சென்னைப் புனித சார்ச்சுக் கோட்டையின் மரியன்னை கோயிலில் ஒரு நினைவுச் சின்னம் எழுப்பினர். இவ்விரண்டனுள் எது வலிய சான்று? தமக்குப் பயன்பட்டவரைக் கம்பெனியார் போற்றியது இயல்பே. தம் சமயத்தைச் சாராத குரு ஒருவரை, தந்தை நிலையில் வைத்து, மன்னர் ஒருவர் போற்றியதே வலிய சான்றாகும்.

எல்லையும் குறையும்

புகழுரை மட்டும் ஆராய்ச்சியாகாது. சுவார்ட்சின் தொண்டு கம்பெனியாட்சியின் நிழலிலேயே நிகழ்ந்தது. அவர் உழவரை மீட்டதனால் உழவர்க்கு நன்மை உண்டாயிற்று; திறை பெறுவோர்க்கும் உண்டாயிற்று. அவர் உரிமை நாட்டிய சரபோசி, 1799-ஆம் ஆண்டு உடன்படிக்கையால் நாட்டின் ஆட்சியைக் கம்பெனியாரிடம் விட்டுக்கொடுக்க நேர்ந்தது. ஒரு நல்லாரின் நேர்மை, நேர்மையற்றதோர் ஆட்சிக்கும் முட்டுக்கொடுத்து நிற்றல் கூடும் என்பதனை மறுத்தற்கில்லை.

சாதி வேற்றுமையைப் பற்றியும் கூறல் வேண்டும். தஞ்சைத் திருச்சபையிற் சாதியார் தனித்தனியே அமரும் வழக்கத்தை அவர் காலப்போக்கில் மறையுமென விட்டுவைத்தார். அது மறையவில்லை. அடுத்த தலைமுறையில் பெரும்பூசல் விளைந்தது. சிறுவயதில் அவரால் திருநெல்வேலியிலிருந்து அழைத்துவரப்பட்டு வளர்ந்த வேதநாயக சாத்திரியாரே சாதி ஆசாரத்திற்கு ஆதரவாக வாதிட்டார். பிசப்பு தானியேல் வில்சன் 1833-இல் அதனை அடியோடு விலக்க ஆணையிட்டார். அன்பினாற் பொறுத்துக்கொண்ட வழக்கம் தாழ்த்தப்பட்டோர்க்கு அநீதியாகத் தொடர்ந்தது. முன்மாதிரி வாழ்க்கை பலவற்றைச் செய்ய வல்லதேனும், நெறிமுறையாக நிறுவப்பட வேண்டிய நீதியின் இடத்தை அது நிரப்பவல்லதன்று.

எனினும் அவர் வளர்த்தோர் வழியே தமிழ் பெற்ற பயன் பெரிது. அவரிடம் பயின்ற வேதநாயக சாத்திரியார் பின்னர்ச் சரபோசியின் அவைக்களத்திலும் மதிப்புப் பெற்று, 'பெத்தலகேம் குறவஞ்சி' முதலிய நூல்களை இயற்றினார். ஒரே ஆசானின் நிழலில் வளர்ந்த அரசரும் புலவரும் சமயம் வேறுபட்டும் நட்புப் பூண்டு வாழ்ந்தமை, தமிழிலக்கிய வரலாற்றில் தனித்து ஆராயத்தக்க பொருளாகும். சுவார்ட்சினால் 1790-இற் குருப்பட்டம் பெற்ற சத்தியநாதன், பாளையங்கோட்டைப் பகுதியில் திருநெல்வேலித் திருச்சபை வளர அடிகோலினார்.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், சுவார்ட்சு பெற்ற மதிப்பிற்கு அடிப்படை அவருடைய நூலோ, நாவன்மையோ, கம்பெனியாரின் வலிமையோ அன்று என்பது பெறப்படும். சொன்னதைச் செய்தலும், செய்ததற்குக் கூலி கொடுத்தலும், கொடுக்கப்பட்டதைத் தமக்கென வைத்துக்கொள்ளாமையுமே அதன் அடிப்படை. இவை எளியவை, நாற்பத்தெட்டு ஆண்டுகள் இடையறாது காத்தமையால் அரியவை ஆயின. அவற்றைக் காணச் சமயப் பயிற்சி வேண்டா; எருதோட்டிய குடியானவரும் கண்டனர், எதிர்த்துப் போரிட்ட ஐதரலியும் கண்டார்.

வள்ளுவர் வாய்மைக்கென ஓர் அதிகாரமே வகுத்தார். அதனை ஓதி வளர்ந்த மக்கள், வேற்று நாட்டார் ஒருவரிடம் அப்பண்பைக் கண்டபோது அதனை அடையாளங்கொள்ளத் தவறவில்லை. கிறித்தவ சமயம் தமிழகத்தில் நிலைபெற்ற வரலாற்றை எழுதுவோர், அச்சகங்களையும் மொழிபெயர்ப்புகளையும் ஆராய்வதோடு, தஞ்சைக் கோட்டையிலிருந்து வந்த அவ்வெற்றுத்தாளையும் ஓர் ஆவணமாகக் கொள்ளுதல் வேண்டும். அதில் எழுத்து ஒன்றும் இல்லையெனினும், அதனை நம்பி வந்த ஆயிரம் எருதுகளும் 80,000 கலம் நெல்லும் அதன் பொருளை விளக்கி நிற்கின்றன.